புழு தூங்குகிறதா, நோயா? ஒரு கேள்வியிலிருந்து ஆன்லைன் கோர்ஸ் உருவாகும் விதம்

பாலக்கோட்டுக்குப் பக்கத்து ஊரில் பட்டுப்புழு வளர்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோய் விற்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர். பென்னாகரம், காரிமங்கலம், ஊத்தங்கரைப் பக்கம் புதிதாக ஷெட் போட்டவர்கள் பலரும் சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் செய்வார்கள். இரவு பத்து மணிக்குக்கூட அழைப்பு வரும். கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: "அக்கா, புழு எல்லாம் அசையாம அப்படியே நிக்குது. இலை போட்டாலும் திங்கல. செத்துப்போச்சா?"

சாகவில்லை. தோலுரிக்கப் போகிறது. பட்டுப்புழு கூடு கட்டுவதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் இலை போடக் கூடாது. புழு கிடக்கும் இலைப் படுக்கை ஈரமாகாமல் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். புதியவர்கள் பயந்துபோய் இலையை அள்ளிப் போடுவார்கள். முதலில் தோலுரித்த புழு தின்னத் தொடங்கிவிடும், பின்னால் வருவது பின்தங்கிவிடும், ஒரே படுக்கையில் சிறிதும் பெரிதுமாகப் புழு நிற்கும்.

"இதையே நாப்பது பேருக்கு நாப்பது தடவ சொல்றேன். ஆன்லைன் கோர்ஸா போட்டுட முடியாதா?" என்று அக்கா கேட்டார். ஆன்லைன் பாடம் தயாரிப்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் என்னிடம் கேட்டார். முடியும் என்றேன். அவருடைய தொழிலுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. வெளியாட்கள் ஷெட்டுக்குள் வந்தால் காலோடு நோயும் வரும். அதனால்தான் வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் கரைசலில் காலை நனைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். பத்துப் பேரைக் கூட்டிவந்து உள்ளே நிறுத்திச் சொல்லித்தர வழியில்லாத தொழிலை, பத்துப் பேர் அவரவர் ஷெட்டில் நின்றபடியே கற்றுக்கொள்ளலாம்.

அந்தக் கோர்ஸைச் செய்தபோது நடந்ததை வைத்தே, ஆன்லைன் கோர்ஸ் என்றால் என்ன, அதை எங்கிருந்து தொடங்குவது என்று விளக்குகிறேன். நீங்கள் சொல்லித்தரப் போவது தையலாக இருக்கலாம், டேலி என்ற கணக்கு மென்பொருளாக இருக்கலாம், பத்தாம் வகுப்புக் கணக்காக இருக்கலாம். செய்யும் வழி ஒன்றுதான்.

வீடியோ வேறு, கோர்ஸ் வேறு

முதல் தடவை நாங்கள் செய்தது தவறு. அக்கா ஷெட்டுக்குள் நடந்துகொண்டே பேசினார், நான் கைப்பேசியில் பிடித்தேன். 47 நிமிடம் ஓடியது. இலை பறிப்பதிலிருந்து கூடு அறுப்பது வரை எல்லாமே அதில் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். எல்லாரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். நான்காம் நாள் இரவு ஒருவர் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டார். பதில் அந்த வீடியோவின் 31ஆம் நிமிடத்தில் இருந்தது. அதுவரை அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும், பார்த்ததும் புரிந்ததும் ஒன்றாகிவிடாது.

மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் ஒரு கோர்ஸுக்கு நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு: வீடியோ பாடம், படிப்பதற்கான குறிப்பு, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கேள்விகள், சந்தேகம் கேட்டுப் பேசும் இடம். அப்போதிருந்த ஏழு ஐஐடிக்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் கோர்ஸ்களிலும் இந்த நான்கையும் பார்க்கலாம். எங்கள் 47 நிமிட வீடியோ இந்த நான்கில் ஒன்று மட்டும்தான். மற்ற மூன்றும் இல்லாததால்தான் அந்த இரவு போன் வந்தது.

கோர்ஸ் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கற்பவர் முன்பு செய்ய முடியாத ஒன்றைப் பின்பு செய்ய வைக்கும் வழி. வீடியோ அந்த வழியில் ஒரு படி. கருவிகளும் அப்படியே. எந்த ஆப் நல்லது என்று தொடங்கினால் ஆப்களைப் பற்றித்தான் கற்றுக்கொள்வோம்.

முடிவிலிருந்து பின்னோக்கி

சரி, எங்கே தொடங்குவது? கடைசியில் தொடங்க வேண்டும். ஒரு நோட்டை எடுத்து, "இந்தக் கோர்ஸ் முடிந்ததும் கற்பவர் என்ன செய்வார்?" என்று ஒரு வரி எழுதுங்கள். "பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றிப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் உதவாது. புரிந்ததா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுத வேண்டும். அக்காவும் நானும் அரை மணி நேரம் பேசி எழுதிய வரி இது: "படுக்கையைப் பார்த்து, புழு தோலுரிக்கும் உறக்கத்தில் இருக்கிறதா, நோயில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வார்; அதற்கேற்ப இலை போடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்."

அந்த ஒரு வரி வந்ததும் மீதி தானாக வந்தது. பிரித்துச் சொல்வார் என்றால் தேர்வு என்ன? படத்தைக் காட்டி எது உறக்கம், எது நோய் என்று கேட்பதுதான். தேர்வு அதுவென்றால் பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? உறங்கும் புழுவின் அடையாளமும் நோய்ப்புழுவின் அடையாளமும். உறங்கும் புழு அசையாது, தலை தூக்கியிருக்கும், உடம்போடு பார்த்தால் தலை சிறியதாகத் தெரியும். உறங்கி எழுந்த புழுவுக்குத் தலை பெரிதாகவும் தோல் சுருக்கமாகவும் இருக்கும். பால்புழு நோய் கண்ட புழு நேர்மாறு: கணுக்கள் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் படுக்கை ஓரமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். தொட்டால் தோல் கிழிந்து பால்போல் வடியும்.

முதலில் செயல், அடுத்து அதைச் சோதிக்கும் தேர்வு, கடைசியாகப் பாடம் என்று வருவதைப் பின்னோக்கித் திட்டமிடுதல் என்பார்கள். பெரும்பாலோர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: தெரிந்ததையெல்லாம் பாடமாக்கிவிட்டு, கடைசியில் அதிலிருந்து நான்கு கேள்வி எடுக்கிறார்கள். அக்காவுக்கு மல்பெரி ரகங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரியும். ஆனால் எங்கள் வரிக்கு அது தேவையில்லை. மனம் வராமல்தான் அதை எடுத்து இன்னொரு கோர்ஸுக்கு என்று தனியாக வைத்தார். கோர்ஸ் தயாரிப்பதில் கஷ்டமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்ததில் எதை விடுவது என்று முடிவெடுக்கும் இந்த வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தராது.

வீடியோ எடுப்பது

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்? 2014இல் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் நான்கு கோர்ஸ்களில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பாதிக்குப் பாதி தடவை ஆறு நிமிடத்துக்குள் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதற்காக ஆறு நிமிடத்துக்கு ஒருதரம் கத்தரியால் வெட்டினால் போதாது. ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததும் வீடியோ முடிய வேண்டும். எங்கள் 47 நிமிடத்தில் எங்கள் வரிக்குத் தேவையானதை மட்டும் எடுத்தபோது ஐந்து வீடியோ வந்தது. "உறங்கும் புழு எப்படி இருக்கும்" என்பது மூன்று நிமிடம். "உறங்கி எழுந்ததை எப்படி அறிவது" இரண்டரை நிமிடம்.

கேமராவைவிட மைக் முக்கியம். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் மூடிவிடுவார்கள். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கினால் போதும், இருக்கும் கைப்பேசியே கேமரா. தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். நாங்கள் படத்தை ஷெட்டில் எடுத்துவிட்டு, பேச்சை வீட்டில் துணி அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்தோம். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும்.

ஒரே ஒரு சத்தத்தை மட்டும் ஷெட்டிலேயே பதிவு செய்தோம். நான்காம் உறக்கம் முடிந்து ஐந்தாம் பருவத்துக்கு வந்த புழுக்கள் இலை தின்னும்போது ஷெட் முழுக்கத் தூறல் போடுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியைத் தின்பது அந்த ஏழெட்டு நாளில்தான். அக்கா ஷெட் கதவைத் திறந்ததும் முதலில் காதைத்தான் கொடுக்கிறார். அந்தச் சத்தத்தை அப்படியே இருபது விநாடி, எந்தப் பேச்சும் இல்லாமல் வைத்தோம். புத்தகத்தில் அச்சடிக்க முடியாத இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான் ஆடியோவும் வீடியோவும் வேண்டும். உங்கள் பாடத்திலும் காதால், கண்ணால் மட்டுமே பிடிபடும் ஏதாவது இருக்கும். தையலில் நூல் இழுவை சரியில்லாதபோது மிஷின் போடும் சத்தம், மாங்கன்று ஒட்டுக்கட்டும்போது கத்தி போகும் கோணம் என்று. வீடியோவின் நேரத்தை அதற்குச் செலவழியுங்கள்.

திரையில் எழுதியதை அப்படியே வாசிக்காதீர்கள். படம், அதே நேரத்தில் பேச்சு, அதோடு பேசுவதே எழுத்தாகவும் வந்தால் கவனம் சிதறுகிறது என்று கல்வி உளவியலில் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படத்தைக் காட்டுங்கள், வாயால் சொல்லுங்கள், திரையில் ஓரிரு சொல் போதும். நம் ஊருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் நிறையப் பேர். திரையில் எழுத்து குறைவாக இருந்தால், பேச்சை மட்டும் மாற்றிப் பதிந்து அதே வீடியோவைக் கன்னடத்திலும் கொடுத்துவிடலாம்.

சிக்னல் இல்லாத ஊருக்கு

கைப்பேசியில் முழுத் தரத்தில் எடுத்த வீடியோ நிமிடத்துக்கு நூறு எம்பியைத் தாண்டிவிடும். அதையே விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால் நிமிடத்துக்கு ஏழரை எம்பி. சிறிய திரையில் அது போதுமான தெளிவுதான். பேச்சை மட்டும் ஆடியோவாக, விநாடிக்கு 64 கிலோபிட்டில் வைத்தால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட வராது. மூன்று நிமிடப் பாடம் வீடியோவாக 22 எம்பி, ஆடியோவாக ஒன்றரை எம்பி. சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக்கு அந்தப்பக்கமோ இருக்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம்தான் படிப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் நடுவில் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு வடிவில் வைத்தோம்: வீடியோ ஒன்று, ஆடியோவோடு நான்கு நல்ல படங்கள் ஒன்று.

நேரலை வகுப்பா, பதிவு செய்த பாடமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நேரலை என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் சிக்னலோடு உட்கார வேண்டும். புழு வளர்ப்பவருக்கு அது இலை போடும் நேரமாக இருக்கலாம். விளக்கத்தைப் பதிவாகக் கொடுத்துவிட்டு, நேரலையைச் சந்தேகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வாரம் ஒரு நாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அரை மணி நேரம். ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிடமே அதற்குத் தாராளம்.

பாடத்தை எங்கே வைப்பது

வாட்ஸ்அப் எல்லாரிடமும் இருக்கிறது, யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதன் குறை, பாடம் மேலே போய்விடும். திங்கட்கிழமை போட்ட வீடியோ புதன்கிழமை இருநூறு காலை வணக்கங்களுக்கு மேலே எங்கோ கிடக்கும். யார் பார்த்தார்கள், யார் எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள் என்பதும் தெரியாது.

இதற்காகவே உருவானவை கற்றல் மேலாண்மைத் தளங்கள். பள்ளிக்கூடத்தை அப்படியே ஒரு ஆப்பில் வைத்ததுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள்: பாடங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும், வருகைப் பதிவு இருக்கும், விடைத்தாள் வாங்கித் திருத்தும் இடம் இருக்கும். கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. சாதாரண ஜிமெயில் கணக்கு இருந்தாலே வகுப்பு தொடங்கலாம், புதியவர்களுக்கு எளிது. மூடுல் 2002இலிருந்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கியது. மென்பொருள் இலவசம், தமிழில் பயன்படுத்தலாம், அதன் ஆப்பில் பாடத்தை இறக்கிவைத்து சிக்னல் இல்லாதபோதும் படிக்கலாம். ஆனால் அதை நிறுவ ஒரு சர்வரும் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவரும் வேண்டும். கல்லூரிக்கும் பெரிய பயிற்சி மையத்துக்கும் அது சரி. முப்பது பேருக்குச் சொல்லித்தருபவர் கிளாஸ்ரூமில் தொடங்கலாம். நாங்கள் பாடத்தைக் கிளாஸ்ரூமில் அடுக்கினோம், வீடியோவை யூடியூபில் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தோம். வாட்ஸ்அப்பை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

கேள்விதான் பாடம்

தேர்வு என்றால் மதிப்பெண் போடுவதற்கு என்றுதான் நமக்குப் பழக்கம். 2006இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு வேறு விதமாகக் காட்டியது. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப்பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நினைவிலிருந்து எடுப்பதே நினைவை உறுதியாக்குகிறது. எனவே ஒவ்வொரு சின்ன வீடியோவுக்குப் பின்னாலும் இரண்டு மூன்று கேள்வி இருக்க வேண்டும்.

கூகுள் ஃபார்மில் வினாடி வினா அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், கேள்வியோடு படம் சேர்க்கலாம், தவறான விடைக்கு ஏன் தவறு என்று விளக்கமும் எழுதிவைக்கலாம். இந்த இரண்டாவது வசதியை ரொம்பப் பேர் பயன்படுத்துவதே இல்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. தவறான விடைகளை மேசையில் உட்கார்ந்து யோசிக்கவும் கூடாது. உண்மையில் மக்கள் செய்யும் தவறிலிருந்து எடுக்க வேண்டும். அக்காவின் கேள்வி ஒன்று இது:

படுக்கையில் பத்தில் ஏழு புழு உறங்கி எழுந்துவிட்டன, மூன்று இன்னும் அசையவில்லை. என்ன செய்வீர்கள்? எழுந்தவற்றுக்குப் பசிக்கும், உடனே இலை போடுவேன். மூன்றையும் நோய்ப்புழு என்று பொறுக்கி எறிவேன். ஏறக்குறைய எல்லாமே எழும்வரை காத்திருப்பேன்.

முதல் விடையைத் தொட்டவருக்கு அக்காவின் சொந்தச் சொற்களே வரும்: "பாவம்னு இலை போட்டா, இதுங்க ஒரு நாள் முன்னாடி பழுத்திடும், அதுங்க ஒரு நாள் பின்னாடி பழுக்கும். கூடு கட்ட விடறப்ப நீங்கதான் திண்டாடணும். நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல எழுந்ததும் போடுங்க." பழுப்பது என்றால் கூடு கட்டத் தயாராவது. போனில் நாற்பது தடவை சொன்ன பேச்சுதான் அது.

புழுவின் நாட்காட்டி

பெரிய திறந்த கோர்ஸ்களில் சேருபவர்களில் பத்தில் ஒருவர்கூடக் கடைசிவரை வருவதில்லை என்பது பொதுவாகக் காணும் நிலை. சோம்பல் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. இன்று படிப்பது இன்று தேவைப்படாதபோது யாருக்கும் தள்ளிப்போடத்தான் தோன்றும். எங்களுக்கு இதில் புழுவே உதவியது. இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கிவந்த நாளை முதல் நாளாக வைத்தோம். மூன்றாம் உறக்கப் பாடம் அந்த உறக்கத்துக்கு முந்தின நாள் திறக்கும். நான்காம் உறக்கத்துக்கு முன் அதே கேள்விகள் புதுப் படங்களோடு மறுபடி வரும். படித்ததை மறக்கத் தொடங்கும்போது திரும்ப நினைவுபடுத்துவது எவ்வளவு பயன் தரும் என்று நினைவாற்றல் பற்றிய ஆய்வுகள் சொல்வதை, எங்கள் கோர்ஸில் புழு தன் போக்கில் செய்துவிட்டது. டேலி சொல்லித்தருபவர் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் தேதியோடு பாடத்தைச் சேர்க்கலாம். பள்ளி ஆசிரியருக்குத் தேர்வு அட்டவணை இருக்கிறது.

எல்லாருக்கும் திறப்பதற்கு முன் ஒரே ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் காரிமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவரிடம் கொடுத்தோம். பாடம் எல்லாம் புரிந்தது. "உங்கள் படுக்கையைப் படமெடுத்து அனுப்புங்கள்" என்ற கடைசி வேலையில் நின்றுவிட்டார். அவர் அனுப்பிய படத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அது புழுவா சுண்ணாம்பா என்றே சொல்ல முடியவில்லை. அக்காவும் நானும் மறுபடி உட்கார்ந்து ஒரு நிமிட வீடியோ எடுத்தோம்: ஃபிளாஷைப் போடாதே, ஒரு சாண் தூரத்தில் பிடி, திரையில் புழுவின் தலையை விரலால் தொடு, தெளிவானதும் எடு. கோர்ஸில் இப்போது அதுதான் முதல் பாடம்.

அடுத்த முறை அவர் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு தலையும் தெரிந்தது. கீழே எழுதியிருந்தார்: "அக்கா, தூங்குது. இலை போடல. ஓரமா ஒண்ணு மட்டும் ஊர்ந்துட்டே இருக்கு, அதை எடுத்துடட்டுமா?"